மறைத்தவை

மாத்திரையை விட்டால் ரத்தம் தானாகச் சுத்தமாகிவிடும் என்று எங்கிருந்தோ வந்த வாட்ஸ்அப் செய்தியைக் கண்ணுச்சாமி நம்பினார். ரத்த அழுத்த மாத்திரையைத் தொடாமலே இருந்தார். போன வாரம் ஏலக்காய் ஏலம் நடந்துகொண்டிருந்த கூடத்திலேயே மயங்கி விழுந்தார். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

“அதிர்ச்சியான விஷயம் எதையும் இவர் காதுல போடாதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதைக் கேட்டுக்கொண்டவள் மகள் பவதாரணி. மதுரையில் ஒரு கல்லூரியில் நூலகர். அவசர லீவில் போடிக்கு வந்தவள் முதல் காரியமாக அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். ஏலக்காய் விவசாயிகள் குழு, அதிலிருந்து சண்டை போட்டுப் பிரிந்தவர்களின் குழு, சொந்தக்காரர்கள் குழு, கூடப் படித்தவர்கள் குழு, யார் சேர்த்துவிட்டார்கள் என்றே தெரியாத மூலிகை வைத்தியக் குழு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எது யார் எழுதியது, எது எந்த வருஷத்தது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

“அப்பா, இது அத்தனையும் நீங்க படிக்கிறீங்களா?”

“படிக்கிறது எங்கிட்டு? வருது. தள்ளி விடுறேன். தள்ளுறதுக்குள்ள அடுத்தது வருது.”

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் செல்லக்கிளி கேசரிக்கு ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். வாடகை நாற்காலிகள் வாசலில் வந்து இறங்கியிருந்தன. மத்தியானம் ராசிங்காபுரத்திலிருந்து பால்சாமி வீட்டார் வருகிறார்கள். பால்சாமியின் மகள் கார்த்திகாவை இந்த வீட்டு மூத்த பிள்ளை விஜயகுமாருக்குப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, கையோடு உறுதி செய்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

விஜயகுமார் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், நரிப்பள்ளத்தில் இருக்கும் குடும்பத்து ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வருவான். முழங்கால் வலி வந்ததிலிருந்து கண்ணுச்சாமி மலைக்குப் போகவே இல்லை.

பவதாரணி அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உங்க போன்ல ஒரு செயலி வச்சுத் தர்றேன்ப்பா. இனிமே அதுல செய்தி பாருங்க.”

“வாட்ஸ்அப்பைப் பிடுங்கப் போறியா?”

“இல்லப்பா. ஒவ்வொரு செய்தித் தளத்துக்கும் ஓடைன்னு ஒன்னு இருக்கு. அவுக புதுசா எதைப் போட்டாலும் அந்த ஓடை வழியா வரும். நமக்கு வேணுங்கிற ஓடையை மட்டும் சேர்த்து ஒரே இடத்துல காட்டுறதுக்குச் செயலி இருக்கு. நடுவுல வேற எவனும் எதையும் சொருக முடியாது.”

கண்ணுச்சாமி யோசித்தார். “எந்த வாய்க்கா தண்ணி நம்ம வயலுக்கு வரணும்னு நாமளே மடையைத் தொறந்து விடுற மாதிரி.”

“அதேதான்.”

மூன்று செயலிகளை இறக்கி வைத்திருந்தாள். முதலாவதைத் திறந்து காட்டினாள். “இது நீங்க படிக்கப் படிக்க உங்களுக்கு எது பிடிக்கும்னு கத்துக்கும். அதையே மேல கொண்டாந்து வைக்கும்.”

“அந்தச் சோலியத்தானத்தா இந்தப் போனு இப்பவும் பாக்குது? ஒரே ஒருதடவ மூட்டுவலித் தைலம் பாத்தேன். அன்னையிலருந்து பூராம் தைலமாத்தான் வருது. வேண்டாம்.”

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நாலு செய்திக்கு ஒரு விளம்பரம் குதித்தது. சிக்னல் இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் திரைதான்.

“மலையில இது வேலைக்கு ஆகாது” என்றார்.

மூன்றாவதில் படாடோபம் எதுவும் இல்லை. தலைப்பு, தளத்தின் பெயர், தேதி. வந்தது வந்த வரிசையில் நின்றது. சிக்னல் உள்ளபோது இறக்கிக்கொண்டு இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

“இது இருக்கட்டும்” என்றார் கண்ணுச்சாமி உடனே. “எனக்கு எது பிடிக்கும்னு நான் பாத்துக்கிறேன். ஆமா, வேண்டாம்னு தள்ளுனா அது எங்க போகும்?”

“‘மறைத்தவை’ன்னு ஒரு பெட்டி இருக்கு. அதுல போய்க் கிடக்கும்.”

“நல்லதாப் போச்சு. கைதவறித் தள்ளுனா எடுத்துக்கலாம்.”

ஓடைகளையும் அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு நாளிதழ், வானிலை, ஏலக்காய் விலை, மலைப்பகுதித் தமிழர்களுக்காக ஒருவர் நடத்தும் ‘சாரல் செய்தி’ என்ற சின்னத் தளம். ஏதாவது ஒரு வார்த்தையைக் கொடுத்தால் அந்த வார்த்தை வரும் செய்திகளைத் தனியாகப் பொறுக்கித் தரும் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நரிப்பள்ளம்னு போடு. நம்ம காட்டைப் பத்தி எவனாச்சும் எழுதிருக்கானான்னு பாப்போம்.”

சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள்.

அப்பாவின் கணக்கைத் தன் மடிக்கணினியிலும் திறந்து வைத்திருந்தாள் பவதாரணி. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது ‘நரிப்பள்ளம்’ என்று கொடுத்த வார்த்தைக்குக் கீழே ஒரு செய்தி வந்து நின்றது. சாரல் செய்தி. கார்த்திகை மாதத்துத் தேதி.

‘ஏலத்தோட்டத்தில் தேனீ வளர்க்கும் இளம் தம்பதி’.

படம் மெதுவாக இறங்கியது. முதலில் தெரிந்தது தகரக் கூரை. அவர்கள் தோட்டத்தில் ஏலக்காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோரின் கூரை. பிறகு தேனீப் பெட்டிகள். பிறகு விஜயகுமார், வெள்ளைச் சட்டையில். அவன் தோளை ஒட்டி ஒரு பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

‘நரிப்பள்ளம் விஜயகுமார், அவர் மனைவி அனுசியா’ என்றது படத்தின் கீழே இருந்த வரி.

பவதாரணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரியை மறுபடி படித்தாள். அனுசியா. தோட்டத்தில் காய் எடுத்த ஜக்கம்மாளின் மகள். பள்ளி லீவில் அம்மாவோடு ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருவாளே, அவள்தான்.

அண்ணனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பதிவுக் குரல். மறுபடி அடித்தாள். அதே குரல்தான் வந்தது.

அடுப்படிக்கு ஓடினாள். “அம்மா, இந்தப் பொண்ணை அண்ணன் சரின்னு சொன்னானா? அவன் வாயால சொன்னானா?”

செல்லக்கிளி கரண்டியை நிறுத்தவில்லை. “காலையிலதான் அவன்கிட்டச் சொன்னேன். ராசிங்காபுரத்துக்காரவுக வர்றாக, நல்ல சட்டை போட்டு வெரசா வந்துருன்னேன். ‘அப்பாகிட்டக் கேளு, அவருக்கு எல்லாம் தெரியும்’னு வச்சுட்டான். வெக்கம்டி அவனுக்கு.”

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

இன்னும் ஒரு நிமிஷத்தில் அப்பா வந்து போனைக் கையில் எடுப்பார். டாக்டர் சொன்னது அவள் தலைக்குள் மணியடித்தது. ஓடிப்போய் அப்பாவின் போனில் அந்தச் செய்தியின் ஓரத்தைத் தொட்டாள். ‘மறைக்கவா?’ என்று கேட்டது. ஆம் என்றாள். திரை சுத்தமானது.

மத்தியானத்துக்குள் அண்ணனைப் பிடித்துவிட வேண்டும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அல்லது ராசிங்காபுரத்தாரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். எதை முதலில் செய்வது என்றே தெரியாமல் கொல்லைப்புறம் போய் நின்று, போனைக் காதில் வைத்தபடி இருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது கண்ணுச்சாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தலைகூடத் துவட்டவில்லை. போன் அவர் மடியில் கிடந்தது.

“பெட்டி எப்படி இருக்குன்னு தொறந்து பாத்தேன்” என்றார். “நான் எதையும் தள்ளல. உள்ள ஒன்னு கிடந்துச்சு.”

பவதாரணி கையிலிருந்த போனை இறக்கினாள்.

“நீயாத்தா தள்ளுன?”

“உங்க உடம்புக்கு...”

“ஊரான் எவனோ பொய்யை அனுப்புனான், நம்பிட்டேன். அவன் யாருன்னுகூடத் தெரியாது. உண்மையை ஒளிச்சு வச்சது எம்மக.” அவர் குரல் உயரவே இல்லை.  “மடை தொறக்கிறது என் கையிலன்னு நான் சொன்னப்ப, அதேதான்னியே.”

“என்னங்க, என்னத்துக்கு அவளை வையுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்த செல்லக்கிளியிடம் அவர் போனை நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது ஜக்கம்மா மகள்ல?” என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கழுத்துல என்னங்க அது? எம்புள்ள பக்கத்துல நிக்கிறா, கழுத்துல என்னங்க அது?”

அடுப்பில் ரவை தீய்ந்து வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

பவதாரணி அப்பாவின் முகத்தையே பார்த்திருந்தாள். இப்போது விழுவாரோ, இப்போது விழுவாரோ என்று. அவர் தண்ணீர் கேட்டார். மாத்திரையைக் கேட்டார். போட்டுக்கொண்டு பால்சாமிக்கு அடித்தார்.

“அப்பா, பொறுங்க. உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறமா...”

கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

“அண்ணே, கண்ணுச்சாமி பேசுறேன். நீங்க யாரும் கிளம்ப வேண்டாம். எம்மகனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஆமாண்ணே, ஆயிருச்சு. எனக்கே இந்த நிமிஷந்தான் தெரியும். உங்க பொண்ணுக்குச் சங்கடம் வந்துரக் கூடாதுன்னு மொதல்ல உங்ககிட்டச் சொல்றேன்.”

 அந்தப் பக்கம் பால்சாமியின் குரல் வெடித்தது. பவதாரணிக்கே கேட்டது.

“ஊரைக் கூட்டி வச்சிருக்கேன்யா! வண்டி வாசல்ல நிக்குது! எம்மக சீலை கட்டி நிக்கிறா! உங்க வீட்டு ஆளு எவனாச்சும் இனிமே இந்த ஊருக்குள்ள காலை வச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

இணைப்பு அறுந்தது. கண்ணுச்சாமி எழுந்து சட்டையை மாட்டினார்.

“சின்ராசைக் கூப்பிடு. ஜீப்பு கொண்டாரச் சொல்லு. மேல போறேன்.”

“இந்த உடம்போடயா?”

“போட்டோவுல பாத்தா போதாது.”

செல்லக்கிளி வர மறுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மாயக்காளைத் துணைக்கு வைத்துவிட்டுப் பவதாரணி அப்பாவோடு ஏறிக்கொண்டாள்.

முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. வழக்கமாக வாய் ஓயாத சின்ராசு இருவர் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெயில் ஒரு பக்கம் மாறியது. கண்ணுச்சாமி கம்பியைப் பிடித்தபடி நேராகப் பார்த்திருந்தார்.

“அப்பா, மன்னிச்சிருங்க.”

அவர் கம்பியை மாற்றிப் பிடித்தார்.

“எப்படிச் சொல்லுறதுன்னு தெரியலப்பா. நீங்க விழுந்ததைக் கேட்டப்ப எனக்கு...” 

“இனிமே தள்ளாத” என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. “விழுந்தா நான் விழுந்துட்டுப் போறேன்.”

போடிமெட்டில் சோதனைச்சாவடி தாண்டியதும் குளிர் அடித்தது. நரிப்பள்ளத்து மண்பாதையில் ஜீப் குலுங்கி இறங்கியபோது கண்ணுச்சாமி மரங்களைப் பார்த்தார். ஒரு மரம்கூட வெட்டுப்படவில்லை. நிழலுக்கு அடியில் ஏலச்செடிகள் தூர்கட்டி நின்றன. நடுவே வரிசையாகத் தேனீப் பெட்டிகள். வேண்டவே வேண்டாம், கூலியாட்களைக் கொட்டும் என்று அவர் எத்தனையோ தடவை சண்டை போட்ட அதே பெட்டிகள்.

ஸ்டோரை ஒட்டிய வீட்டின் கதவு திறந்தது. அனுசியா வந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் கையிலிருந்த முறம் நழுவியது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து கண்ணுச்சாமியின் காலில் விழுந்தாள்.

அவர் பின்வாங்கினார். “எந்திரி. அவன் எங்க?”

“வாங்க மாமா. நீங்க ஒருநாள் வருவீங்கன்னு தெரியும். அவருதான் நம்பல. அப்பாவுக்குக் கோவம் தீராதுன்னாரு.”

“கோவமா? எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்!”

அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் போய்க் குழப்பம் வந்தது. “கார்த்திகையிலேயே அவரு அனுப்புனாரே மாமா? நீங்க பதில்கூடப் போட்டீங்களே?”

“நானா?”

“சாரல் செய்திக்காரங்க எழுதுனதை அப்படியே அனுப்பி, கூட ஒரு சேதியும் எழுதுனாரு. எழுதுறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அழிச்சு அழிச்சு எழுதுனாரு.”

கண்ணுச்சாமி போனை எடுத்தார். எடுத்தவர் அதை மகளிடமே கொடுத்தார். பவதாரணி வாட்ஸ்அப்பில் அண்ணனின் பெயரைத் தேடித் திறந்தாள். மேலே, மேலே, இன்னும் மேலே போனாள். மாசி, தை, மார்கழி. கார்த்திகையில் நின்றாள்.

இருந்தது.

“வாசி” என்றார்.

“‘அப்பா, நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் வரல. இதைப் படிங்க. உங்களுக்குச் சம்மதம்னா ஒரு வார்த்தை அனுப்புங்க. ரெண்டு பேரும் வந்து உங்க கால்ல விழுறோம்.’”

“அதுக்கு நான் என்ன போட்டிருக்கேன்?”

பவதாரணி தயங்கினாள். மலைப்பாதையில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு ரோஜாப்பூப் படம். ‘இனிய காலை வணக்கம். நல்லதே நடக்கும்.’ ஊரில் எவர் எதை அனுப்பினாலும் அவர் திருப்பி அனுப்பும் பூ.

“பூவைப் பாத்துட்டு அவரு அழுதுட்டாரு மாமா” என்றாள் அனுசியா. “மறுநாள் கிளம்பி வர்றதாத்தான் இருந்தோம். துணிகூட எடுத்து வச்சுட்டேன். விடிஞ்சா இன்னொன்னு வந்துச்சு.”

பூவுக்குக் கீழேயே அது இருந்தது. சிவப்புப் பின்னணியில் பெரிய எழுத்து. ‘பெற்றவர்களை ஏமாற்றும் பிள்ளைகள் ஒருநாளும் உருப்பட மாட்டார்கள். அனைவருக்கும் பகிரவும்.’

கண்ணுச்சாமி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.   “அது எனக்கு வந்தது. எல்லாருக்கும் தள்ளிவிட்டேன். அவனுக்குன்னு அனுப்பல.”

“எங்களுக்கு எப்படித் தெரியும் மாமா? மாசாமாசம் வந்து உங்க முன்னாடி உக்காந்துட்டுத்தான் வருவாரு. ‘அப்பா போன்லருந்து தலையைத் தூக்கல, இன்னும் கோவம் போல’ன்னு சொல்லுவாரு.”

கண்ணுச்சாமியின் கை ஜீப்பின் கம்பியைத் தேடியது. பவதாரணி தாங்கிப் பிடித்தாள். அனுசியா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்குவாரா என்று பவதாரணி பார்த்தாள். வாங்கினார். முழுக்கக் குடித்தார்.

“அவன் எங்கம்மா?” என்றார். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

“காலையில அத்தை போன் பண்ணதும் பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு நானே போய் நேர்ல சொல்றேன், ஒரு பொண்ணை ஏமாத்த விடமாட்டேன்னு. ராசிங்காபுரத்துக்குத்தான் போயிருக்காரு.”

 பால்சாமியின் கத்தல் இன்னும் பவதாரணியின் காதில் இருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிக்னலுக்காகச் சின்ராசு ஜீப்பை மேட்டுக்கு ஏற்றினான். கண்ணுச்சாமி அதில் வந்து இறங்க, பெண்கள் இருவரும் பின்னால் நடந்து ஏறி வந்தார்கள். விஜயகுமாரின் போன் அணைந்திருந்தது. கண்ணுச்சாமி பால்சாமிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வைக்கப்போன சமயத்தில் எடுத்தார்கள். பெண்குரல், தாழ்ந்த குரல்.

“மாமா, நான் கார்த்திகா பேசுறேன். எங்கப்பா போனை வச்சுட்டுப் போயிட்டாரு.”

“ஆத்தா, எம்மகன் அங்க வந்தானா?”

“வந்தாக. எங்கப்பா முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னாக. அவரு ஒரு வார்த்தை கேக்கல. உள் ரூமுல தள்ளிக் கதவைப் பூட்டிட்டு, பெரியப்பா மக்களைக் கூட்டியாரப் போயிருக்காரு. சாவியும் அவர்கிட்டதான்.” அவள் மூச்சு வாங்கினாள். “கதவுகிட்ட நான் உக்காந்திருக்கேன் மாமா. என்னையத் தாண்டித்தான் யாரும் உள்ள போகணும். நீங்க வெரசா வாங்க.”

கண்ணுச்சாமி போனைச் சட்டைப் பையில் போட்டார். “வண்டியைத் திருப்பு” என்று சின்ராசிடம் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். பவதாரணி முன்னால் ஓடி உட்கார்ந்தாள்.

அனுசியா ஒருமுறை தோட்டத்தையும் திறந்து கிடந்த வீட்டுக் கதவையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஜீப்பின் பின்படியில் காலை வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே நின்றாள், மாமனாரின் முகத்தைப் பார்த்தபடி.

கண்ணுச்சாமி அவளைப் பார்க்கவில்லை. பாதையைத்தான் பார்த்திருந்தார். ஆனால் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மெல்ல உள்ளே நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.